கதவுப் பக்கம் ஆரம்பித்தவர்

– காலை வெக்காதே. அந்த டைல்ஸ் கல்லு அடியில இன்னும் ஈரம்.

– வெக்கல. வாசப்படியிலதான் நிக்கறேன். அது சரி, நீங்க எப்படி வெளிய வரப்போறீங்க?

– எங்கேருந்து?

– பாத்ரூம்லேருந்து.

– ஏன், இப்படியே... அட.

– அடதான்.

– இரு, இங்கேருந்து கதவுக்கு...

– நடுவுல பூரா புதுக் கல்லு. அடியில பசை காயல. கதவுகிட்ட ஆரம்பிச்சு, ஒட்டிக்கிட்டே பின்சுவர் வரைக்கும் போயிருக்கீங்க. இப்ப மூலையில ஒரு வாளி வெக்கற இடத்துல நிக்கறீங்க.

– நிக்கல. வாளியக் கவுத்து மேல உக்காந்திருக்கேன்.

– ஊர்ல எல்லாரும் உள்ளேருந்து கதவப் பாத்து வருவாங்க, டெய்லர் சார்.

– துணியில நான் எப்பவும் விளிம்புலேருந்துதான் ஆரம்பிப்பேன். பழக்க தோஷம்.

– துணிக்குள்ள யாரும் மாட்டிக்கிட்டதில்ல.

– சிரிக்காதே.

– சிரிக்கல. இருமல்.

– எப்ப மிதிக்கலாம்னு பசைப் பையில போட்டிருக்கும், பாரு.

– பாத்துட்டேன். நாளைக்குக் காலையில.

– நாளைக்கா? அதெல்லாம் ஆகாது. ஒரே தாண்டு...

– தாண்டுங்க. ஆம்புலன்சுக்கு இப்பவே சொல்லி வெச்சிடறேன்.

– ஜன்னல்?

– தலை போகும். அதுக்குக் கீழ உள்ளது போகாது.

– பலகை ஏதாவது நீளமா... பரண்ல ஒண்ணு கிடந்ததே.

– தேடிட்டேன், இல்ல. பசிக்குதா?

– பின்ன? விடிஞ்சதுலேருந்து கல்லு மேலயே கவுந்து கிடக்கேன்.

– இருங்க, ஒட்டடைக்கம்பு நுனியில பையை மாட்டி நீட்டறேன். ரொட்டியும் வாழைப்பழமும் இருக்கு... மெதுவா, மெதுவா. விழுந்துச்சுன்னா உங்க கோடு கலைஞ்சிடும்.

– புடிச்சிட்டேன். ரொட்டியில கொஞ்சம் ஒட்டடை வாசம்.

– சும்மா சொல்லக்கூடாது, கோடு நல்லா வந்திருக்கு. தையல் போட்ட மாதிரி.

– நூல் புடிச்சு சாக்கட்டியால போட்டது. அதை விடு, சரிவைப் பாத்தியா? அடிப்பூச்சுலயே வாட்டம் குடுத்துட்டேன். நேத்து ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினேன், நேரா ஓட்டையைப் பாத்து ஓடிச்சு. ஒரு சொட்டு நிக்கல.

– பழைய தரையில குளம் கட்டும்.

– அதுல வழுக்கித்தானே நீ இடுப்பைப் புடிச்சுக்கிட்டுக் கிடந்தே.

– அப்பவே சொன்னேன், மாத்துங்கன்னு. காதுலயே போட்டுக்கல. இப்ப திடீர்னு நீங்களா சுத்தியும் உளியுமா இறங்கிட்டீங்க.

– தோணிச்சு.

– என்ன தோணிச்சு?

– தோணிச்சுன்னா தோணிச்சுதான். மனுஷனுக்கு ஒரு நாள் தோணாதா?

– ம்... நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படக்கூடாது.

– கோவப்பட்டு எங்க போறது? வாளி மேல உக்காந்திருக்கேன்.

– அதான்... நீங்க கதவுகிட்ட மொதக் கல்லு வெக்கறப்பவே நான் பாத்தேன்.

– பாத்துட்டு?

– பேசாம அடுப்படிக்குப் போயிட்டேன்.

– அடிப்பாவி.

– பலகையை இழுத்துக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்.

– பலகையுமா?

– வேற என்ன பண்ணச் சொல்றீங்க? பேச வந்தாலே மிஷின்ல உக்காந்து கடகடன்னு மிதிக்கறீங்க. இல்ல, பட்டன் வாங்கணும்னு கிளம்பிடறீங்க. கொஞ்ச நாளா இதே கதைதான். ஓட முடியாத இடமா பாத்து உக்கார வெச்சாத்தான்...

– சரி, ஓடல. சொல்லு.

– எங்க லென்ஸ் பட்டறை முதலாளி, கடலோர ஊர் ஒண்ணுல இன்னொரு பட்டறை தொறக்கறார்.

– ம்.

– அங்க எல்லாரையும் வெச்சு வேலை வாங்க ஒருத்தர் வேணுமாம். என்னைக் கேட்டார்.

– ம்.

– முழுப் பொறுப்பும் எனக்கு. இத்தனை வருஷமா அடுத்தவங்க தேய்ச்ச கண்ணாடியில கீறல் இருக்கா, கீறல் இருக்கான்னு பாத்துட்டிருந்தவள... என்னங்க, ம் ம்னு. ஏதாவது சொல்லுங்களேன்.

– வாயில பழம்.

– முழுங்கிட்டுச் சொல்லுங்க.

– உனக்கு ஆசையா?

– ...ஆசைதான். கண்ணை மூடினா அந்தப் பட்டறைதான் தெரியுது. ஆனா உங்க வாடிக்கைக்காரங்க? முன்னறையில மிஷினைப் போட்டு இந்தத் தெருவுக்கே தைச்சிருக்கீங்க. எதிர்வீட்டு டாக்டரம்மா அளவு டேப்பே இல்லாம சொல்வீங்க. இதையெல்லாம் விட்டுட்டு என் பின்னாடி வாங்கன்னு எந்த வாயால கேக்கறது? அதனால முடியாதுன்னு சொல்லிடலாம்னு...

– சொல்லிட்டியா?

– நாளைக்குச் சொல்லணும்.

– சொல்லாதே.

– பெருந்தன்மையா சொல்லிடுவீங்க. அப்புறம் அங்க வந்து ஈ ஓட்டிக்கிட்டு...

– ஏன், அந்த ஊர்ல யாரும் துணி போட்டுக்கறதில்லையா?

– விளையாடாதீங்க. ஆமா... உங்களுக்குத் தூக்கிவாரிப் போடவே இல்லையே. ஏன்?

– பாத்திரம் தேய்க்கறப்ப இதே பேச்சை குக்கர்கிட்ட பேசினியே. 'கோவப்படக்கூடாது'ன்னுதான் அதுக்கும் ஆரம்பிச்சே.

– ஐயோ. கேட்டுட்டீங்களா?

– தினமும் கேட்டேன். குக்கர் பக்கம் நியாயம் இருக்கற மாதிரிகூட இருந்துச்சு.

– கேட்டுட்டும் மிஷின்ல போயி உக்காந்தீங்க?

– கையில இருக்கற துணியை முடிச்சுக் குடுக்க வேணாமா? புதுசா யார்கிட்டயும் வாங்கல. டாக்டரம்மாவுக்கு வேற டெய்லரைக்கூட காட்டிவிட்டாச்சு.

– அந்தம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

– நான் முந்திக்கிட்டா, நான் அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடும். நீயா போறேன்னு சொல்லணும். அதை நான் காதால கேக்கணும்.

– போங்க நீங்க...

– அழறியா?

– இருமல்தான்... நிஜமாவே வர்றீங்களா? அரை மனசா இல்லாம?

– மிஷினுக்கு எண்ணெய் போட்டு உறைகூட தைச்சுட்டேன். கடல்காத்துல துருப்புடிக்குமாமே.

– அப்ப எனக்கு ஒண்ணுதான் புரியல. போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்க. பின்ன எதுக்கு இந்த வீட்டுத் தரையைப் பேத்துப்போட்டு, முட்டி தேய, மாங்கு மாங்குன்னு...

– நீ வேலைக்குப் போயிருந்தப்ப ஒரு புருஷன் பொண்டாட்டி வாடகைக்கு வீடு பாக்க வந்தாங்க. முன்னறை புடிச்சிருக்கு, அடுப்படி புடிச்சிருக்கு, பாத்ரூம் தரை மட்டும் ஆகாதுன்னுட்டாங்க. மாத்தித் தர்றேன், அடுத்த மாசமே பால் காய்ச்சிக்கோங்கன்னு வாக்குக் குடுத்துட்டேன்.