கைராசிக்காரி

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஐயா. நான் எழுதிய மருந்துச் சீட்டை ஆரம்பத்தில் யாரும் மதிக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். டாக்டர் சீட்டு என்றால் கோழி கிளறியதுபோல் இருக்க வேண்டும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

எங்கள் சுகாதார நிலையத்துக்கு டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் ரத்த அழுத்தத்துக்கு நர்சே மருந்து எழுதலாம், அளவைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று உத்தரவு வந்தது. பயிற்சியில் நான்தான் முதலாவதாகத் தேறினேன். நிலையத்துக்கு எதிர்வீட்டுத் தையற்காரருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

“ஊசி போடுறவங்க ஊசி போடட்டும்மா. மருந்து எழுத டாக்டர் வரட்டும்” என்பார், வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி. ஆயுள் முழுக்க ஊசி பிடித்துப் பிழைத்த மனிதர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வலித்தது.

ஒருமுறை அவருக்கு மாத்திரை தீர்ந்துபோய், வேண்டாவெறுப்பாக என்னிடம் வந்தார். அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. அளவைக் கூட்டி எழுதினேன். இரண்டொரு நாளில் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பழைய அளவுக்கே குறைத்தேன், தெளிந்துவிட்டார்.

“உனக்குக் கைராசிம்மா” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கைராசி தானாக வராது, ஐயா. கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். வாய் நீண்ட வேறு சிலருக்கும் இப்படியே கூட்டினேன், பிறகு குறைத்தேன். என் வரிசை வாசல்வரை போயிற்று. டாக்டர் வியாழக்கிழமைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

பாராட்டும் மாத்திரை மாதிரிதான், கொஞ்ச நாளில் வேகம் அடங்கிவிடும். தையற்காரர் வெறும் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டார். மறுபடியும் கூட்டினேன். கூட்டினால் மயங்கி விழக்கூடும் என்பது எனக்குத் தெரியும், பயிற்சியில் அதையும் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த வாரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். விடுப்பில் இருந்தேன்.

எழுந்து நின்றாலே அவருக்குக் கண் இருட்டியதாம். “இன்னைக்கு டாக்டர் வந்திருக்காருப்பா, எதிர்லதானே, போயிடலாம்” என்று மகள் கெஞ்சியிருக்கிறாள்.

“வேண்டாம்மா. நம்ம சிஸ்டர் வரட்டும். அவங்க கைபட்டா போதும்.”

அன்று மாலையே மாடிப்படியில் உருண்டு விழுந்தார். அதோடு போய்விட்டார்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மறுக்க மாட்டேன். ஆனால் கடைசிவரை அவர் டாக்டரைக் கேட்கவே இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.