அம்மா கூப்பிடாத பேரு

...சிரிக்காதீங்கக்கா! முகத்துல போட்ட பேக் விரிசல் விட்டுடும். காயற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. நான் பேசறேன், நீங்க கேளுங்க. பெத்த தாய்க்கா! என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கிறாங்க. 'இந்தா', 'ஏய்', 'உன்னைத்தான்'... ஆடு மாடா நான்?

இல்லல்ல, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. பையன் பொண்ணானதுல அவங்களுக்கு ஒண்ணும் இல்லங்கிறேன்! கொஞ்ச நாள் அழுதாங்க. அப்புறம் தன் காதுல கிடந்த கம்மலைக் கழட்டிக் குடுத்துட்டு, 'தோளைக் கொஞ்சம் இறக்கி நட, லாரி ஓட்டறவன் மாதிரி இருக்கு'ன்னாங்க. அவ்வளவுதான். பிரச்சினையெல்லாம் பேருலதான்.

சின்ன வயசுல எங்க மேல் வீட்டுல ஒருத்தி இருந்தா. பால்கனியில நின்னு தலை வாருவா பாருங்க... அடடா! பின்னாடி நான் அவ பேரையே வச்சுக்கிட்டேன். எங்கம்மா காயப்போட்ட துணி மேல வேணும்னே அழுக்குத் தண்ணி ஊத்தினவளும் அவதான்னு எனக்கு எங்க ஞாபகம் இருந்துச்சு? 'பொண்ணுன்னு ஆயிரம் தடவை சொல்றேன், அந்தச் சண்டைக்காரி பேரை மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்'கிறாங்க!

பேரு வைக்கிறது லேசா என்ன? நீங்கல்லாம் கொடுத்து வச்சவங்க, தொட்டில்லயே முடிஞ்சுடுச்சு. எங்க செட்டுல பாருங்க... நெட்டச்சின்னு நாங்க கூப்பிடற ஒருத்தி. அவ ஆசைப்பட்ட ஆளு எவளைக் கட்டிக்கிட்டானோ அவ பேரையே வச்சுக்கிட்டா! கேட்டா, 'ஆளுதான் கிடைக்கல, பேராவது கிடைக்கட்டும்'கிறா. சனிக்கிழமையானா ஒரு கேஷியர் சார் வருவாரு. விக்கு, லிப்ஸ்டிக் எல்லாம் போட்டு, இங்கேயே ஒரு டீ குடிச்சிட்டு, கலைச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. அன்னிக்கு மட்டும் 'வாடி'ம்பேன், மத்த நாள்ல 'வாங்க சார்'. அவருக்கு வீட்டம்மாவே பேரு வச்சாங்களாம். 'கண்ணாடி முன்னாடி என்னை விட அதிக நேரம் நிக்கிறீங்க, பேராவது நான் வச்சதா இருக்கட்டும்'னு! இன்னொருத்தி... அவளை விடுங்க, புதுப் படம் வரும்போதெல்லாம் ஹீரோயின் பேருக்கு மாத்துவா. கூரியர்காரன் அவளைத் தேடியே இளைச்சுட்டான்.

என்ன, கண்ணாலேயே கேக்கறீங்க? எங்கம்மாவே ஒரு பேரு சொல்லக் கூடாதான்னா? சொன்னாங்கக்கா. நான் வயித்துல இருக்கும்போதே பொண்ணுதான்னு நினைச்சு ஒரு பேரைத் தேடி வச்சிருந்தாங்களாம். 'அதை வச்சுக்கோயேன், சும்மாதான் கிடக்கு'ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! அரதப்பழசு. அந்தப் பேருல ஒரு அழகியைக் காட்டுங்க பாப்போம்! வேணாம்னுட்டேன். சும்மா வேணாம்னிருந்தா போயிருக்கும். வீம்புக்கு... அதோ, சோபாவுல கவுந்து படுத்திருக்கே கடைப் பூனை... அதுக்கு வச்சுட்டேன்.

போன வாரம் எங்கம்மா சொல்லாம கொள்ளாம பஸ் ஏறி வந்துட்டாங்க. நான் ட்ரையர் சத்தத்துல இருக்கேன். வாசல்ல நின்னுக்கிட்டு, அவங்க வச்ச பேரை, அப்படி ஆசையா, கூப்பிட்டாங்கக்கா. என்னைத்தான்! நான் திரும்பறதுக்குள்ள இந்தச் சனியன் வாலைத் தூக்கிட்டு ஓடிப்போய் அவங்க கால்ல உரசுது! டை அடிக்க உக்காந்திருந்த கஸ்டமர் வேற, 'பேர் சொன்னதும் எப்படி வருது பாருங்க!'ங்கிறாங்க. எங்கம்மா பூனையைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. அன்னிலேருந்து என் நம்பரைப் பாத்தாலே கட் பண்றாங்க.

அந்தப் பேரு அவங்க வாயில கேக்க... எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமாக்கா?

உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். புது நம்பர்னா எடுப்பாங்க. ...ரிங் போகுதா? நீங்களே பேசுங்க, என் குரலைக் கேட்டா கட் பண்ணிடுவாங்க. பேக் உடைஞ்சா உடையட்டும், திரும்பப் போட்டு விடறேன்! உங்க பொண்ணு பேசணுமாம்னு சொல்லுங்க. பேரு கேட்டா... அவங்க வச்ச பேரையே சொல்லுங்க. காதைக் குடுங்க, சொல்றேன்... ஐயோ, மெதுவாக்கா! இந்தப் பூனை எழுந்துடுச்சு பாருங்க... ஏய், படு! உன்னை இல்லடி, என்னைக் கூப்பிடறாங்க!