அசையாத படம் அழைத்து வந்த பேருந்து

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் ஐயா ஜம்புலிங்கம் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் முத்தாபுதுப்பேட்டைப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த அன்புத் தாய்மார்களே, மதிய ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் பேருந்து நிறுத்தத்தருகே போட்ட இந்தப் பந்தலில் வந்து அமர்ந்த தங்கைமார்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

நான் இன்று போற்ற வந்தது மன்னனையா? மந்திரியையா? இல்லை. ஒன்றரை நிமிடப் படம் ஒன்றை.

நம் அம்பத்தூர் எஸ்டேட் பேருந்தை நிறுத்தப் போவதாகப் போக்குவரத்து அதிகாரிகள் சொன்னார்களே, மறந்திருப்பீர்களா? "ஏற ஆளே இல்லை" என்பது அவர்கள் வாதம். எஸ்டேட்டில் தையல் வேலை பார்க்கும் தங்கை யுவராணியிடமோ, "இன்னொரு நாள் லேட்டானா வரவே வேணாம்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பேருந்து போனால் அவர் பிழைப்பும் போகும். மனுக் கொடுத்தோம். மைக்கைப் பிடித்து நானே முழங்கினேன். யாரங்கே சிரிப்பது, தமிழரசா? சிரியப்பா, என் முழக்கத்தில் ஒரு டயர்கூட உருளவில்லை.

அப்போது வந்தார் அகல்யா. தேனியிலிருந்து வந்து நம் தெருவில் வாடகைக்கு இருப்பவர். கணினியில் படங்களை அசைய வைப்பது அவர் தொழில். "ஒரு படம் செஞ்சு காட்டுவோம்ணே" என்றவர், தினமும் நிறுத்தத்துக்கு வந்து நம்மோடு நின்று பார்த்தார்.

நம் ஊரார் சிலரும் பின்னே அமர்ந்திருக்க, அதிகாரிகள் முன்னே திரை ஒளிர்ந்தது. ஒரு நிறுத்தம், அதில் சின்னஞ்சிறு மனிதர்கள். பிறகு? ஒன்றுமே நடக்கவில்லை. பாட்டு ஒலிக்கவில்லை, பறவை பறக்கவில்லை, பாதம் ஒன்றும் பெயரவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. ஓர் அதிகாரி சலித்துக்கொண்டார்: "படம் மாட்டிக்கிச்சு போல, என்னன்னு பாருங்க."

பின்வரிசையில் யுவராணி எழுந்தார். "மாட்டிக்கல சார். நாங்க டெய்லி இப்டித்தான் நின்னுகினு கீறோம்."

திரையில் ஒரு பெண் பையைக் கை மாற்றினாள். ஒருவர் ஷேர் ஆட்டோவில் ஏறினார். இன்னொருவர் நடந்தார். ஒவ்வொருவராய்ப் போய், நிறுத்தம் வெறிச்சோடியது. அதன் பிறகு, அதன் பிறகுதான், ஆடி அசைந்து வந்தது பேருந்து. ஏற ஆளே இல்லை.

எனக்கு மெய்சிலிர்த்தது. மணிக்கணக்கில் நான் பேசியும் புரியாதது, சில நொடி மௌனத்தில் புரிந்ததே. அசைய வைக்கும் கலையைக் கற்றவர், எங்கே அசைக்கக் கூடாது என்பதையும் எப்படி அறிந்தார்? இன்றும் எனக்கு வியப்பு தீரவில்லை. சலித்துக்கொண்ட அதே அதிகாரி, "மறுபடி போடுங்க" என்றார். இரண்டாம் முறை அவரும் வாய் திறக்காமல் காத்திருந்தார்.

நம் பேருந்தை இனி நிறுத்தப் போவதில்லை. நேரத்துக்கு வர வேண்டுமென்று உத்தரவாகிவிட்டது. இன்று முதல் நாள்.

அகல்யாவுக்குப் பொன்னாடை போர்த்தி, இன்னும் பத்துப் பக்கம் பேசலாமென்று எழுதி வந்திருக்கிறேன். என்ன தாயே? ஆமாம், எனக்கும் தெரிகிறது. வளைவில் திரும்புவது நம் பேருந்துதான். சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டது.

தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, அகல்யாவுக்கு இந்த ஊரே நன்றி. யுவராணி, நீ முதலில் ஏறம்மா. யாரும் கை தட்ட வேண்டாம், கை காட்டி வண்டியை நிறுத்துங்கள். வணக்கம்.