ஜீப்புக் கதவில் ஏலக்காய்க் கொத்து

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர், கல்லூரி முதல்வர் திருப்பதி அவர்களே! தாவரவியல் துறையைத் தாங்கி நிற்கும் பேராசிரியர் தவசி அவர்களே! பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் அதிகாரி பால்சாமி அவர்களே! மலை இறங்கி வந்த மாண்பு நிறைந்த தாய்மார்களே, பெரியோர்களே, முன்வரிசையை முற்றுகையிட்ட மாணவச் செல்வங்களே! போடி ஏலக்காய் வியாபாரி கலீபுல்லாவின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

என்ன மாப்ளே, சுருக்கமா முடிக்கணுமா? டீ வர்ற வரைக்கும் மைக்கை விடமாட்டேன்!

இன்று தாவரவியல் துறையின் புதிய பெயர்ப்பலகையைத் திறக்கிறோம். ஒரு பலகைக்கா இத்தனை பந்தல்? ஒரு பலகைக்கா இத்தனை பாட்டு? ஆம், ஐயா, ஆம்!

துறையின் ஜீப்பை அறியாதார் உண்டா? கதவில் பச்சையாய் ஒரு ஏலக்காய்க் கொத்து. அதைக் கண்டால் குரங்கணி மலையில் தோட்டத்துப் படல்கள் திறக்கும். போன வருஷம் வந்தது சுற்றறிக்கை! துறைக்குத் தனிச் சின்னம் கூடாது! பல்கலைக்கழக முத்திரை மட்டுமே! நீல நிறம் மட்டுமே! முத்திரையைச் சுற்றி வெற்றிடம். முத்திரைமேல் ஒரு புள்ளியும் படக் கூடாது! தவசி என்ன செய்வார்? கொத்தை அழித்தார், வட்ட முத்திரையை வரைந்தார்.

அந்த நேரம் பார்த்து, குரங்கணி குருவம்மாள் தோட்டத்தில் ஏலச்செடிக்கு நோய். இலையெல்லாம் வரி வரியாக வெளுப்பு. நோய்கண்ட செடியைத் தூரோடு பிடுங்காவிட்டால் அடுத்த செடிக்குத் தாவும்; மலைச்சரிவே பாழாகும். அந்தத் தோட்டம்தான் அந்தம்மாவின் சோறு. துறைக்கு ஆள் அனுப்பினார். ஜீப்பு போனது. பூட்டிய படல்தான் வரவேற்றது! மறுபடி போனது. மறுபடியும் பூட்டு!

ஏன்? வட்ட முத்திரை போட்ட வண்டி என்றால் மலையில் ஒரே அர்த்தம்தான்: சர்க்கார்க்காரர்கள் நிலம் அளக்க வந்துவிட்டார்கள்!

முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்த பால்சாமி ஐயாவையே தவசி மலைக்கு ஏற்றிச் சென்றார். படலுக்குள் குருவம்மாள், கையில் அரிவாள்.

“பத்திரமெல்லாம் வக்கீல் வீட்ல கெடக்கு. போயிட்டு வாங்க சாமி!”

“அம்மா, நாங்க பல்கலைக்கழகம்!”

“எந்தக் கழகமா இருந்தா என்ன? ஓட்டுப் போடுறப்ப பாத்துக்கிறேன், கெளம்புங்க!”

சிரிக்கிறீர்கள்! அன்று ஐயாவும் சிரித்தார். சிரித்தவர் தவசியிடம் சுண்ணக்கட்டி வாங்கினார். விதியை வகுத்த கையாலேயே, ஜீப்புக் கதவில் முத்திரைக்குக் கீழே ஒரு ஏலக்காய்க் கொத்து வரைந்தார். எட்டிப் பார்த்தார் குருவம்மாள்.

“அட, நம்ம ஏலக்கா ஜீப்பு! இத மொதல்லயே காட்டக் கூடாதா அப்பு? வெரசா வாங்க!”

திறந்தது படல்! பிடுங்கினார்கள் நோயை! பிழைத்தது தோட்டம்! ஊர் திரும்பிய ஐயா விதியையே திருத்தினார்: மேலே முத்திரை, கீழே துறையின் சின்னம். அறிவுக்கு அடையாளம் வேண்டும் தோழர்களே! ஆனால் யாருக்காக அந்த அறிவோ, அவர்களுக்கு அந்த அடையாளம் புரிய வேண்டாமா? புரிய வேண்டாமா?

கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். இதோ, திரையை விலக்க வருகிறார் குருவம்மாள்! பிழைத்த தோட்டத்தின் முதல் பறிப்பில் கோத்த ஏலக்காய் மாலை, கையில்... ஆத்தா, பலகைக்குப் போட்டுறாதீங்க! முத்திரைமேல் எதுவும் படக் கூடாது. அந்த விதி இன்னும் அப்படியே இருக்கிறது!

பால்சாமி ஐயா, கழுத்தை நீட்டுங்கள்!

மணக்கும் மேடைக்கும், மனம் நிறைந்த உங்களுக்கும் என் நன்றி, வணக்கம்!