ஆறு வாரம் போதவில்லை

இருமல் வந்தால் வயிற்றில் ஒரு தலையணையை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும், தையல் வலிக்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா, உன் அம்மாதான். உட்காரு. கதவை மட்டும் சாத்திவிடு. எனக்குச் சத்து மாத்திரை வாங்கப் போயிருக்கிறாள், வர அரை மணி நேரமாவது ஆகும். நீ கையில் வைத்திருப்பது உன் அப்பாவின் போன் என்பதை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். நீ கேட்காமலே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் போக்கில்தான் சொல்வேன், நடுவில் மறிக்காதே.

கர்ப்பப்பையை எடுத்த அன்றைக்கு அதை ஒரு தட்டில் வைத்து உன் சித்தப்பாவிடம் காட்டினார்களாம். "இவ்ளோதானா?" என்று கேட்டாராம் மனுஷன். அந்த இவ்வளவில்தான் அவர் பிள்ளை பத்து மாதம் வாடகையில்லாமல் குடியிருந்தான். அதற்கப்புறம் தினமும் காலையில் டாக்டரம்மா வந்து என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பாள், "காத்து பிரிஞ்சுதா?" இருபத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் யாரும் என்னிடம் எதையும் இத்தனை அக்கறையாகக் கேட்டதில்லை. மூன்றாம் நாள் பிரிந்தது. நர்ஸ் கை குலுக்கினாள். உன் சித்தப்பா பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் ஓய்வு என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. உன் சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்கத் தெரிந்த ஆளுக்கு அடுப்பிலிருந்து பாலை இறக்கத் தெரியவில்லை. தீய்ந்த பாத்திரத்தை என் கட்டிலுக்கே தூக்கிக்கொண்டு வந்து, "இதை எதால தேய்க்கணும்?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே உன் அம்மா பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அப்புறம் நான் மகாராணிதான். நேரத்துக்குச் சூப் வந்தது. வெந்நீரில் துண்டை நனைத்து முதுகு துடைத்துவிட்டாள், தலை வாரிப் பின்னிவிட்டாள். எதிர்வீட்டுக்காரி பார்க்க வந்து, "பையை எடுத்துட்டா ஆம்பளை மாதிரி மீசை முளைக்குமாமே?" என்றாள். "உனக்குப் பை இருக்கும்போதே முளைச்சிருக்கே," என்று உன் அம்மா கேட்டதும் அவள் கிளம்பிவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் எனக்குத் தையல் தெறித்துவிடும் போலிருந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக என்றைக்குமே இருந்ததில்லை. கல்யாணம், பிள்ளை, பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருட வேலை என்று ஓடியதில், ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட யாரும் எனக்கு எடுத்துக் கொடுத்ததாக ஞாபகமில்லை. உனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. உனக்குத்தான் அவள் தினமும் கொடுத்தாளே.

உன் அப்பாதான் இடைஞ்சல். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, தங்கமான மனுஷர். ஆனால் தினமும் மத்தியானம் போன் செய்துவிடுவார். ஒரு நாள் வாயு, ஒரு நாள் முழங்கால், ஒரு நாள் காதில் ஏதோ ரீங்காரம். அந்த நேரத்தில் உன் அம்மா ஹாலில் கண்ணயர்ந்திருப்பாள், அவள் போன் என் தலைமாட்டில் சார்ஜில் இருக்கும். படுத்துக் கிடப்பவள் போனையாவது எடுக்கட்டும் என்று ஏற்பாடு. எனக்கு அது கைவந்த வேலை. யாருக்கு நிஜமாகவே உயிர் போகிறது, யார் வரிசையில் முந்தப் பார்த்து முனகுகிறார் என்று குரலை வைத்தே பிரித்துவிடுவேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஐந்தாவது வாரம் உன் அம்மா துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்டி. அவர் தனியா திண்டாடறார்," என்றாள். எனக்கு வலிக்கிறது என்றேன். வலிக்கவில்லை. அவள் பதறிப்போய் என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அந்தப் பாழாய்ப்போனவள் எல்லாம் அழகாக ஆறிவிட்டது, அடுத்த வாரமே வேலைக்குப் போகலாம் என்று சொல்லித் தொலைத்தாள்.

வியாழக்கிழமை இரண்டு பத்துக்கு உன் அப்பா கூப்பிட்டார். அந்தப் போனில் நாலு நிமிடம் என்று காட்டும். பேசியது இரண்டு நிமிடம்தான், மீதி அவர் மூச்சு வாங்கியது.

"சின்னவளே, அக்காகிட்ட குடும்மா. நெஞ்சை அடைக்குது. இடது கை மரத்துப்போச்சு."

"அக்கா தூங்கறாங்க அத்தான். எழுப்பிப் பேசச் சொல்றேன்."

"பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடட்டுமா? இல்ல ஆம்புலன்ஸ்..."

"யாரையும் கூப்பிடாதீங்க. அக்கா பேசறப்போ லைன் கிடைக்கலைன்னா பயந்துடுவாங்க. போனைப் பக்கத்துல வச்சுட்டுப் படுங்க."

"சரிம்மா," என்றார். சொன்ன பேச்சைத் தட்டாத மனுஷர்.

உன் அம்மாவின் போனில் அந்த அழைப்பை அழித்துவிட்டு நானும் கொஞ்சம் தூங்கினேன். நாலரைக்கு எழுந்து டீ கொண்டுவந்தாள். "இன்னிக்கு அவர் கூப்பிடவே இல்லையே," என்றாள். "உடம்பு நல்லா இருக்கும்போல," என்றேன். சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அசந்து தூங்கியிருப்பார், காலையில் பேசிக்கொள் என்றேன். காலையில் பக்கத்து வீட்டுத் தம்பி கதவை உடைத்துப் பார்த்தபோது, போன் அவர் நெஞ்சின் மேல் இருந்ததாம்.

வாயு என்று நினைத்துவிட்டேன் என்று உன்னிடம் அழலாம். நீயும் நம்பிவிடுவாய். ஆனால் அது நான் பார்த்த வேலைக்கு மரியாதை இல்லை. அவர் "சின்னவளே" என்று ஆரம்பித்தபோதே குரலில் தெரிந்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார். பிழைத்திருந்தால் உன் அம்மா அன்றைக்கே ஓடியிருப்பாள், அப்புறம் அவரை விட்டு எந்தக் காலத்திலும் நகர்ந்திருக்க மாட்டாள். அந்த நாலு நிமிடத்தில் இதையெல்லாம் நிதானமாக யோசித்துத்தான் அவரைப் படுக்கச் சொன்னேன்.

எல்லாம் முடிந்து அந்த வீட்டில் தனியாகக் கிடந்து தவித்தவளை இங்கே கூட்டிவந்தது நான்தான். உனக்கு வேலை, கைக்குழந்தை, உன்னால் முடியவில்லை. நான் குறை சொல்லவில்லை. அவள் அழும்போதெல்லாம் கூடவே உட்கார்ந்து நானும் அழுகிறேன், அதில் நடிப்பு கிடையாது. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னடி ஆகியிருப்பேன்," என்றாள். பார், இரண்டு மாதத்தில் கொஞ்சம் தேறிக்கூட இருக்கிறாள்.

போலீசிடம் போவதோ அவளிடமே சொல்வதோ உன் இஷ்டம், நான் தடுக்க மாட்டேன். படியில் காலடிச் சத்தம் கேட்கிறது, அவள்தான். பாவம், காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எனக்குச் சாப்பாடு போட்டுக் கொடுத்துவிட்டு அவளும் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டு முடிக்கட்டும், அதற்கப்புறம் சொல்.