யோகனின் அரைப் பக்கம்

பேர்லினில் நொய்கெல்ன் பகுதிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் சிவம் அண்ணை என்று அழைக்கப்பட்டவரும், அவரைவிட இளைய தயாவும் இருந்தார்கள். அவர்கள் பேச்சில் வந்த யோகன் பஸ்ஸில் இல்லை. அண்ணையின் மடியில் ஏரிகளின் வரைபடம் விரிந்து கிடந்தது.

“மூண்டு இடத்திலை, ஒரு ஏரியிலையிருந்து மற்றதுக்குப் போக, வள்ளத்தைத் தலையிலை தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளாலை நடக்கோணும்,” என்றார். “இரவிலை ஏரிக்கரையிலை கூடாரம்.”

“யோகன்ரை அன்ட்ராக்கை, அந்த விண்ணப்பத்தை, நிரப்பிக் குடுத்தனீங்களோ?”

“அது... மறந்துபோனன்.”

தயாவின் குரல் உயர்ந்தது. “அவன்ரை அகதி வழக்கு இன்னும் முடியேல்லை, பேர்லினை விட்டு வெளியிலை போக அனுமதி எடுக்கோணும். டொச் பாசை தெரிஞ்ச ஆளெண்டுதானே உங்களிட்டைத் தந்தவன்? ஒரு மாசமாய் வரைபடத்திலை கோடு கீறினனீங்கள், அரைப் பக்கம் நிரப்ப ஏலேல்லையோ?”

“கத்தாதை. சும்மா வரச்சொல்லு. காட்டுக்கை ஆர் பாக்கப்போறான்?”

“பிடிபட்டால் உங்களையோ திருப்பி அனுப்புவாங்கள்? உங்களிட்டை ஜெர்மன் பாஸ்போட் இருக்கு.”

“அப்ப நாங்கள் ரெண்டுபேரும் போவம்.”

“துடுப்புப் பிடிக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். நீங்கள் குளியல் தொட்டியிலையே வழுக்கி விழுற ஆள்! இஞ்சை வந்த ஏழு வருசத்திலை அவன் ஆசையாய்க் கேட்டது இது ஒண்டுதான், அண்ணை. அவனை விட்டிட்டு நான் வரமாட்டன்.”

தயா கைபேசியை எடுத்து, வள்ளம் வாடகைக்குக் கொடுப்பவரிடம் டொச்சில் தட்டுத்தடுமாறிப் பேசி, பயணத்தை ரத்துச் செய்தான்.

“கட்டின காசு திரும்பாதாம்.”

“எவ்வளவு?”

“நூற்றெண்பது யூரோ.”