ஒரே செடி, இரண்டு நிறம்

திருமங்கலம் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு மதினியும் நாத்தனாரும் இருந்தார்கள். நாத்தனார் மடியில், குழந்தைத் தலை அளவுக்கு ஒரு ரோஸ் நிற ஹைட்ராஞ்சியாப் பூங்கொத்து.

"மதினி, கொடைக்கானல்ல ஒடிச்சுட்டு வந்ததுல நல்ல கொப்பை நீங்க வச்சுக்கிட்டு, எனக்கு வேற எதையோ குடுத்திட்டீக. அதான் நான் உங்க வீட்டுப் பக்கமே வரலை."

"ரெண்டும் ஒரே செடியில ஒடிச்சதுதான் தாயி."

"அப்ப உங்க வீட்டுல மட்டும் எப்படி அம்புட்டு நீலமாப் பூக்குது?"

"உங்க மண்ணு வேற, எங்க மண்ணு வேற. மண்ணுக்கு ஏத்தாப்புல இந்தப் பூ நிறம் மாறும்."

"நம்ப மாட்டேன்."

மதினி பூவை மெதுவாகத் தடவினாள். "உங்க செடியில ஒரு கொப்பு குடு, எங்க மண்ணுல வைக்கிறேன். நீலமாப் பூத்தா என்னைய நம்பு."

"ரோஸாப் பூத்தா?"

"பூக்கட்டுமே. இம்புட்டு அழகான ரோஸு எங்கிட்ட ஏது?"

நாத்தனார் சிரித்துவிட்டாள். கொத்தைத் தூக்கி மதினி மடியில் வைத்தாள்.